அடுக்கி வைத்துக் கவிழ்க்கிற விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி: பகடைப் பித்தன் (கோவை)

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நண்பர் வீட்டில் கூடி போர்டு கேம் ஆடுகிறோம். எல்லாம் கனமான ஆட்டங்கள். விதிப்புத்தகத்தைப் படித்து முடிப்பதற்குள் முதல் டீ ஆறிவிடும், ஆட்டம் முடிவதற்குள் ராத்திரி சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

போன மாதம் ஒருவர் ஜெங்கா கொண்டுவந்தார். மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவி உச்சியில் வைக்கிற ஆட்டம், கவிழ்த்தவர் தோற்றார். எல்லாரும் வந்து சேரும்வரை சும்மா ஆடலாம் என்று பிரித்தோம். அன்றைக்கு வேறு எந்தப் பெட்டியையும் திறக்கவே இல்லை. இத்தனை நாளும் "உங்க கணக்கு வாத்தியார் விளையாட்டெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா" என்று உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் அம்மாகூட வந்து உட்கார்ந்து கட்டை உருவினார்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "இதில் யோசிக்க என்ன இருக்கு? கை நடுங்காதவன் ஜெயிப்பான், அவ்வளவுதானே" என்கிறார். கோபுரம் சரிந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து கத்தியதும் அவர்தான், அது வேறு விஷயம். எனக்கு அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரி ஆட்டங்கள் ஏன் இப்படி ஆளை இழுக்கின்றன? அப்புறம், ஜெங்காவைத் தாண்டி எதை வாங்கலாம்? அம்மாவுக்கு வலது கை கொஞ்சம் நடுங்கும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: ராயபுரம் ஸ்ட்ரைக்கர்

தம்பி, நான் தச்சு வேலை செய்கிறவன். வேலை முடிந்தால் கேரம் கிளப். இரண்டுமே கையை நம்பிப் பிழைக்கிற காரியம் என்பதால் சொல்கிறேன்.

செஸ்ஸில் குதிரையை எங்கே வைப்பது என்று முடிவு பண்ணிவிட்டால், அதைத் தூக்கி வைப்பது ஒரு வேலையே இல்லை. கேரமில் அப்படி இல்லை. மூலைக் குழிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு காய் நிற்கிறது. லேசாகக் கட் கொடுத்தால் விழும் என்பது சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தெரியும். வேடிக்கை பார்க்க வந்த பொடியன்கூட விரல் நீட்டிக் காட்டுவான். ஆனால் அடிக்கப் போவது ஒருத்தர்தான். எங்கள் ஊர் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கினார். 2024-இல் அமெரிக்காவுக்குப் போய் மூன்று தங்கத்தோடு வந்த காசிமாவும் எங்கள் சென்னைப் பெண்தான். அவர்களுக்குத் தெரிந்த கோணங்களில் பாதி எங்கள் கிளப்பில் டீ வாங்கி வருகிற பையனுக்கும் தெரியும். தெரிந்ததை விரலுக்குப் புரியவைக்கத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியில்தான் மொத்த ஆட்டமும் நடக்கிறது. ஜெங்காவும் அதே ரகம். உங்கள் நண்பர் அந்த இடைவெளியை 'கை நடுக்கம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஜெங்காவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 54 கட்டை, அடுக்குக்கு 3, மொத்தம் 18 அடுக்கு. லெஸ்லி ஸ்காட் என்கிற அம்மா 1983-இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் குடும்பம் கானாவில் இருந்தபோது அங்கே டகோராடியில் ஒரு மர அறுவை ஆலையில் செய்து வாங்கிய கட்டைகளை வைத்து வீட்டில் ஆடிய ஆட்டம் அது. தச்சனாக எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அந்தக் கட்டைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது என்பதுதான். வித்தியாசம் நூல் கணக்கில்கூட வராது, மயிரிழைதான். ஆனால் அடுக்கில் மூன்றில் ஒன்று அந்த மயிரிழை மெலிந்திருந்தால், மேலே இருக்கிற பாரம் முழுக்க மற்ற இரண்டின் மேல் உட்கார்ந்துவிடும். மெலிந்தது சும்மா பேருக்கு நடுவில் கிடக்கும்.

அது எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆள்காட்டி விரலை மடக்கி, நகத்தின் முதுகால் கட்டையின் முனையை மெல்லத் தட்டுங்கள். பாரம் சுமக்கிற கட்டை அசையாது, விரலுக்கே திருப்பிக் கொடுக்கும். சுமை இல்லாதது ஒரு மில்லிமீட்டர் உள்ளே நழுவும். நழுவினால் விடாமல், அவசரமும் படாமல், விரல் நுனியால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மறுபக்கம் பாதி எட்டிப் பார்த்ததும் அதே கையைச் சுற்றிக் கொண்டுபோய் உருவ வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கைதான் தொடலாம், அதுதான் விதி. இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பதற்றத்தில் தானாக வந்து முட்டுக் கொடுக்கும்.

இங்கேதான் ஆட்டம் சுவாரசியமாகிறது. உருவிய கட்டையை உச்சியில் வைத்ததும் பாரம் இடம் மாறிவிடும். முதல் சுற்றில் கல் மாதிரி இறுகியிருந்த கட்டை இப்போது தளர்ந்திருக்கும். போன முறை நீங்கள் மனதில் குறித்து வைத்த கட்டையை இப்போது அசைக்கவே முடியாது. கோபுரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக் கட்டைகளின் மேல் சுமை ஏறும். அதனால் எதிர்ப்பக்கத்தில் தேட வேண்டும், உச்சியில் வைக்கும்போதும் எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும். எதிராளியை மாட்டிவிட நினைக்கிறவர் நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராமே, இதையும் சொல்லுங்கள். ஓர் அடுக்கில் நடுக்கட்டையை எடுத்தால் அந்த அடுக்கு அதோடு முடிந்தது. மிச்சம் இருக்கிற இரண்டு ஓரத்தில் எதைத் தொட்டாலும் கவிழும். ஓரக்கட்டையை எடுத்தால் இன்னொரு ஓரம் பாக்கி இருக்கிறது, நடுக்கட்டை ஒன்றே மேல் பாரத்தைத் தாங்கிவிடும். அதாவது, ஓர் அடுக்கில் ஒரு முறைதான் எடுக்கலாமா, இரண்டு முறை எடுக்கலாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் இன்னும் எத்தனை முறை எடுக்க முடியும் என்று எண்ணிப் பார்த்து, வழியில்லாத முறை அடுத்தவருக்குப் போகும்படி நடுவையோ ஓரத்தையோ தேர்ந்தெடுக்கலாம். இது சுத்தமான கணக்கு. ஆனால் அந்தக் கட்டை வெளியே வர மறுத்தால் கணக்கு எதற்கும் உதவாது!

மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் ஊதும், எல்லாக் கட்டையும் முரண்டு பிடிக்கும். கேரம் போர்டும் அப்படித்தான், ஐப்பசியில் காய் ஓடவே ஓடாது. போர்டுக்கு மேலே பல்பை அவ்வளவு தாழ்வாகத் தொங்கவிடுவது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, அந்தச் சூட்டுக்கும்தான். அதற்காக ஜெங்காவுக்கு போரிக் பவுடர் போட்டுவிடாதீர்கள். எங்கள் கிளப்பில் ஒரு புத்திசாலி போட்டுக் கொண்டுவந்தார், ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கட்டைகள் வழுக்கிக்கொண்டு போயின.

பதில்: மீப்பிள் மாமா

ஸ்ட்ரைக்கர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஜெங்காவில் எனக்கு ஒரு குறை உண்டு. கவிழ்த்தவர் யார் என்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின கட்டையைப் பத்திரமாக வைத்தவர்தான் வெற்றியாளர், அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாலு பேர் ஆடினால் மூன்று பேர் தப்பித்தார்கள் என்றுதான் தோன்றும்.

உங்கள் நண்பர் மூளைக்கு வேலை கேட்டால் ஜெர்மன்காரர்கள் செய்ததைத் தேடுங்கள். 'வில்லா பலெட்டி' என்று ஒன்று, 2002-இல் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது வாங்கியது. அங்கே ஒரு போர்டு கேமுக்கு அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. கீழ்த்தளத்திலிருந்து உங்கள் நிறத் தூணை உருவி மேல் தளத்தில் நட வேண்டும். கை போகாத இடத்துக்குக் கொக்கி ஒன்றும் கொடுத்திருப்பார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது கிளாஸ் சோக்கின் 'பவ்ஸாக்', 1987. அடுக்குவதற்குக் கோணல்மாணலான கட்டைகள் ஒரு பை நிறைய. ஒரு கட்டையை எடுத்து ஏலம் விடுவார்கள். நல்ல கட்டை என்றால் வாங்குவதற்காகக் காசு கொடுப்போம். முட்டை மாதிரி ஏதாவது வந்தால், "ஐயோ எனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிடுவதற்காகவும் காசு கொடுக்க வேண்டும். கையில் காசு தீர்ந்த நேரம் பார்த்து எதிராளி அதை நீட்டுவான். இதில் யோசனை இல்லை என்று யாராவது சொன்னால் நானே கோவைக்கு வந்து ஆடிக் காட்டுகிறேன். இரண்டுமே நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

பதில்: பனிக்காலவாசி (ஸ்கார்பரோ)

ஸ்ட்ரைக்கர் ஐயா கேரம் பற்றி எழுதியதால் நானும் வந்தேன். இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது, குரோக்கினோல் என்று பெயர். வட்டப் பலகை, நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி எட்டு ஆணி. விரலால் சுண்டி வட்டை அந்தக் குழிக்குள் இறக்கினால் 20 புள்ளி. வெளி வளையங்களுக்கு 15, 10, 5. எதிராளியின் வட்டு ஒன்று பலகையில் இருந்தால் அதைத் தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சுண்டிய வட்டைத் தூக்கிவிடுவார்கள். நல்ல இடத்தில் வட்டை வைத்துவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது என்பதுதான் இதன் ருசி. கேரம் மாதிரி நாலு பக்கமும் மோதித் திரும்பி வருகிற சட்டமும் கிடையாது. கொஞ்சம் பலமாகச் சுண்டினால் பலகையைச் சுற்றியிருக்கிற வாய்க்காலில் விழுந்துவிடும்.

1876-இல் பேர்த் கவுண்டியில் எக்கார்ட் வெட்லாஃபர் என்பவர் தன் மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் செய்துகொடுத்த பலகைதான் இன்றைக்கு அறியப்பட்டவற்றில் மிகப் பழையது. 1999-இலிருந்து பக்கத்து டாவிஸ்டாக் ஊரில் உலகப் போட்டி வைக்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. பனி கொட்டுகிற நாட்களில் இரண்டு பேரும் எங்கள் குசினி மேசையில் இதை வைத்துக்கொண்டு கனநேரம் இருப்பார்கள். புள்ளி எழுதுவதில் மட்டும் சண்டை வரும், அது சைகையிலேயே நடக்கும். யாழ்ப்பாணத்தில் கேரம் சுண்டிய விரல் என்பதால் அம்மா ஒரே கிழமையில் பிடித்துக்கொண்டார்.

பதில்: மூன்றாம் வகுப்பு டீச்சர்

பித்தன் சார், நண்பரின் அம்மாவுக்கு ஹாபா கம்பெனியின் மிருகங்களை அடுக்குகிற ஆட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் 2005-இல் வந்தது, 'டீர் அவுஃப் டீர்' (Tier auf Tier) என்று பெட்டியில் இருக்கும். மரத்தில் செய்த 29 மிருகங்கள். நடுவில் முதலை, அதன் முதுகில் பென்குயின், குரங்கு, முள்ளம்பன்றி என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முதலில் கையைக் காலி செய்தவருக்கு வெற்றி.

நடுங்குகிற கைக்கு இது ஏன் தோது என்றால், சரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு விழுந்தாலும் அதிகபட்சம் இரண்டு மிருகத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பகடையில் முதலைப் படம் விழுந்தால் உச்சியைத் தொடவே வேண்டாம், மேசை மேலேயே முதலையை ஒட்டி ஒரு மிருகத்தை வைத்துக்கொள்ளலாம். கைப்படம் விழுந்தால் உங்கள் மிருகம் ஒன்றை இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம், வைக்கிற பாடு அவருடையது. எங்கள் வகுப்பில் எழுதும்போது விரல் ஒத்துழைக்காத ஒரு குழந்தை இருக்கிறாள். பேனா பிடிக்கச் சொன்னால் முகம் சுருங்கும், பல்லி மேல் ஆட்டை நிறுத்தச் சொன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுவாள்.

இன்னொரு யோசனை. அம்மாவை முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். எந்த விதியும் தடுக்கவில்லை.

பகடைப் பித்தன்

எல்லாருக்கும் நன்றி. நடுக்கட்டை, ஓரக்கட்டை கணக்கை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரே ஜெங்காவை எடுத்து மேசையில் வைத்தார். மிருக ஆட்டத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று.

ஸ்ட்ரைக்கர் அண்ணா, அடுத்த மாதம் எங்கள் அப்பார்ட்மெண்டில் குடும்ப விழா. தரையில் வைத்து ஆடுகிற பெரிய ஜெங்கா செய்யலாம் என்று இருக்கிறோம். என்ன அளவு, என்ன மரம்?

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்

சாதாரணக் கட்டை 7.5 செ.மீ நீளம், 2.5 அகலம், 1.5 தடிமன். நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால்தான் மூன்று கட்டை சேர்ந்து சதுரமாக உட்காரும், அதை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் 22.5, 7.5, 4.5. பதினெட்டு அடுக்குக்கு 81 செ.மீ உயரம் வரும், ஆட ஆட இடுப்பைத் தாண்டும். தேக்கு தண்டச் செலவு. ரப்பர் மரம் போதும், அதிலேயே மொத்தம் 25 கிலோ பக்கம் வந்துவிடும்.

மிஷினில் ஒரே அளவாக இழைத்துக் கொடுத்தால் அப்படியே வாங்கிவராதீர்கள், எதைத் தொட்டாலும் இறுக்கமாக இருக்கும். பத்துப் பதினைந்து கட்டையை மட்டும் எடுத்து, உப்புத்தாளில் கூடுதலாக நாலு இழுப்பு இழுத்து, மற்றதோடு கலந்துவிடுங்கள். எவை என்று உங்களுக்கும் தெரியக்கூடாது, அதனால் அந்த வேலையை ஆடாத ஆளிடம் கொடுங்கள். முனைகளையும் மழுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் பக்கத்தில் நின்றால் செருப்பில்லாமல் விடாதீர்கள், அரைக்கிலோ கட்டை கால் விரலில் விழுந்தால் விழா அங்கேயே முடிந்துவிடும்.