மிடி கால்வாயில் ஒரு நாள் படகுப் பயணம்: எங்கிருந்து எதுவரை போகலாம்?

கேள்வி:
வரும் செப்டம்பரில் தென் பிரான்சின் பெசியே நகரில் மூன்று நாள் தங்கவிருக்கிறோம். அதில் ஒரு நாளை மிடி கால்வாயில் சிறு படகில் கழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உடன் வருபவர்கள் என் கணவரும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும். எங்களில் எவரும் இதுவரை சுக்கானைத் தொட்டதில்லை. எவ்வளவு தூரம் போகலாம், நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் லாக் எனப்படும் மதகுத் தொட்டிகளை எங்களால் சமாளிக்க முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
சகோதரி, உங்களுக்கு லாக்கே வேண்டாம். பெசியேக்கு மேற்கே ஏறத்தாழ 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கும் இல்லாமல் கால்வாய் ஒரே மட்டத்தில் குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அந்த நீட்டத்தில் உள்ள கொலோம்பியே துறையில், உரிமம் இல்லாமலே ஓட்டக்கூடிய சிறு படகுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து புவாய் என்ற சிற்றூர் சுமார் 6 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, அங்கே மதிய உணவு உண்டு, வெயில் தாழ்ந்த பின் திரும்புங்கள். அதற்கும் அப்பால் உள்ள கப்பெஸ்தான் ஊர் வரை போய்வர ஆசை வரும். ஆனால் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத கால்வாயில் அது நாள் முழுவதையும் விழுங்கிவிடும்.

வழியில் மல்பாஸ் சுரங்கம் வரும். நீளம் 165 மீட்டர்தான், ஆனால் ஒருவழி. எதிரே படகு வரவில்லை என்று பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள். மண் சரியும் என்று பலரும் தடுத்தும், கால்வாயை அமைத்த பியேர் போல் ரிகே 1679-இல் அந்தக் குன்றைக் குடைந்தார். அதே குன்றின் அடியில் ரயில் சுரங்கம் ஒன்றும், அதற்கும் கீழே, மோந்தாடி ஏரியை வடிப்பதற்காக 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய நீர்வழி ஒன்றும் உள்ளன. மேலே ஆன்செரூன் மேட்டிலிருந்து பார்த்தால், வற்றிய அந்த ஏரி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வயல்களாகப் பிரிந்து கிடப்பது தெரியும். மாமியாரை மேடேற்ற வேண்டாம். காரில் வேறொரு நாள் அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2:
லாக் வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். முதல் பயணத்தில் நீர் இறங்கும் லாக்கில் கயிற்றைக் கரைத்தூணில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். நீர் இறங்க இறங்கக் கயிறு முறுக்கேறி, படகு ஒருபுறமாகச் சாய்ந்து தொங்கத் தொடங்கியது. லாக் காவலர் ஓடிவந்து மதகை மூடியதால் தப்பினோம். கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்து, நீரோடு சேர்த்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். ஆரம்பத்தில் கட்டிய நேர்ச்சுவர் சரிந்ததால் ரிகே லாக்குகளை முட்டை வடிவில் கட்டினார்; அந்த வளைசுவரை ஒட்டிப் படகை நிறுத்துவது புதியவர்களுக்கு எளிதன்று.

ஆனாலும் லாக் பார்க்காமல் திரும்பாதீர்கள். பெசியேயிலேயே ஃபோன்செரான் என்ற லாக் படிக்கட்டு இருக்கிறது. அடுத்தடுத்த தொட்டிகளில் படகுகள் 20 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதைக் கரையில் நின்றே காணலாம்.

மறுமொழி 3:
தொப்பியை மறக்காதீர்கள். இருகரையிலும் நிழல் தந்த பிளேன் மரங்களில் 2006-இல் பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. நோய் பரவாமலிருக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க நேர்ந்தது. வேறு இன மரங்களை நட்டுவருகிறார்கள் என்றாலும் அவை நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த வெற்றுக்கரைகளைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. எஞ்சிய மரங்களில் படகைக் கட்டாதீர்கள். அதற்குத் தடையும் உண்டு. படகைக் கரையில் கட்ட இரும்பு முளையும் அதை அடிக்கச் சுத்தியலும் படகில் இருக்கின்றனவா என்று புறப்படும் முன்பே பாருங்கள். கரைப்பாதையில் மிதிவண்டிகள் வரும் என்பதால், முளையை நீரோரமாக அடியுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புவாய் வரை என்று முடிவு செய்துவிட்டோம். ஃபோன்செரானை முதல் நாள் மாலையே பார்த்துவிடுகிறோம்.