ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தாலே எஃப்.ஐ.பி. என்று முடிவு கட்டலாமா?

மணிமேகலை:
எங்கள் பூனைக்குப் பத்து மாதம். வயிறு உப்பிக்கொண்டே போகிறது, காய்ச்சல் இறங்கவில்லை, சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். கிளினிக்கில் ரத்தம் எடுத்து கொரோனா ஆன்டிபாடி பார்த்தார்கள், பாசிட்டிவ். இது எஃப்.ஐ.பி.தான் (பூனைக் கொரோனா வைரஸால் வரும் கொடிய நோய்), கருணைக்கொலை பற்றி யோசியுங்கள் என்கிறார்கள். வயிற்றுத் தண்ணீரை ஒரு சொட்டுகூட எடுத்துப் பார்க்கவில்லை. இது சரியா?

ஆய்வகவாசி:
சரியில்லை. கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், இதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. பூனைக் கொரோனா வைரஸ் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். பல பூனைகள் சேர்ந்திருக்கும் வீட்டில் அனேகமாக எல்லாவற்றுக்கும் அந்த ஆன்டிபாடி இருக்கும், அதில் மிகச் சிலவற்றுக்குத்தான் எஃப்.ஐ.பி. வரும். வைரஸ் உடலுக்குள்ளேயே மாறி, மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் புகுந்து பெருகினால்தான் இந்த நோய். மாறாத வைரஸுக்கும் மாறிய வைரஸுக்கும் ஆன்டிபாடி டெஸ்டில் வித்தியாசம் தெரியாது. மலத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்டும் இதே கதைதான்.

கரிசல்காட்டான்:
ஆய்வகவாசி சார், தியரி சரி. ஆனால் இளம் பூனை, விடாத காய்ச்சல், வயிற்றில் தண்ணீர், அதோடு ஆன்டிபாடி அளவு 1:1600க்கு மேல் என்றால் வேறு என்னவாக இருக்கும்? எங்கள் ஊரில் சாம்பிள் எடுத்து அனுப்பி ரிசல்ட் வருவதற்குள் பூனை போய்விடும். கருணைக்கொலை வேண்டாம், அதில் நானும் உங்கள் பக்கம். நேரடியாக ஜிஎஸ்-441524 என்கிற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆரம்பியுங்கள், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கினால் அதுவே டெஸ்ட்.

ஆய்வகவாசி:
வேறு என்னவாக இருக்கும் என்றால், பாக்டீரியாவால் வயிற்று உறையில் வரும் அழற்சி (பெரிட்டோனைட்டிஸ்), லிம்போமா என்கிற புற்று, இதயக்கோளாறு. சீழ் பிடித்த வயிறாக இருந்தால் நீங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாளே அதற்குக் கடைசி. தண்ணீர் கையிலிருக்கும்போது ரத்தத்தைத் தேடிப் போவானேன்? ஊசியில் எடுத்த உடனே பாருங்கள்: வைக்கோல் மஞ்சள், இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் நூல் வரும். புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல், செல்களோ குறைவு. அந்தப் புரதத்தில் ஆல்புமின்–குளோபுலின் விகிதம் 0.4க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும், 0.8க்கு மேல் என்றால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்புக் குறைவு. இதற்கெல்லாம் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

ரிவால்டா டெஸ்ட் அதைவிட எளிது. டெஸ்ட் டியூபில் 7, 8 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அதில் 98 சதவீத அசெட்டிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, மேலே மெதுவாக வயிற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு. கரைந்து மறைந்தால் நெகட்டிவ். உருக்குலையாமல் மேலேயே நின்றாலோ, ஜெல்லிமீன் போல மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ்.

கரிசல்காட்டான்:
ரிவால்டாவை நம்பச் சொல்கிறீர்களா? சீழ் வயிற்றிலும் லிம்போமாவிலும் அதுவும் பாசிட்டிவ் வருமே. 2012இல் வந்த ஆய்விலேயே எஃப்.ஐ.பி. இல்லாத பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குப் பாசிட்டிவ் காட்டியது. என் ஆன்டிபாடியைக் கழித்துக்கட்டிவிட்டு இதை மட்டும் ஏற்பது எப்படி?

ஆய்வகவாசி:
அதே ஆய்வில் எஃப்.ஐ.பி. பூனைகளில் 91 சதவீதத்தைப் பிடித்தது. அதன் மதிப்பு நெகட்டிவில்தான்: நெகட்டிவ் என்றால் வேறு நோயைத் தேடு. பாசிட்டிவ் என்றால் அதே தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து பாக்டீரியாவும் புற்று செல்லும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு பிசிஆருக்கு அனுப்பு. ஆன்டிபாடி பாசிட்டிவ் அடுத்து என்ன செய்வது என்றுகூடச் சொல்லாது.

வால்பாறை:
தண்ணீரே இல்லாத உலர் வகைக்கு என்ன செய்வீர்கள்? கண்ணிலும் மூளையிலும் வரும்போது ரத்த பிசிஆர் நெகட்டிவ் வந்து ஏமாற்றும். "மியூட்டேஷன் பிசிஆர்" என்று காசு வாங்குகிறார்கள். எஃப்.ஐ.பி. வைரஸின் ஸ்பைக் புரதத்தில் 1058, 1060 இடங்களில் மாற்றம் என்று 2012இல் கண்டார்கள், 2014இல் எஃப்.ஐ.பி. இல்லாத பூனைகளின் திசுக்களிலும் அதே 1058 மாற்றம் கிடைத்தது. வைரஸ் குடலைத் தாண்டிவிட்டது என்பதற்குத்தான் அது அடையாளம்.

ஆய்வகவாசி:
உண்மை. உலர் வகையில் வீங்கிய நிணநீர்க்கணுவில் ஊசி போட்டு எடுத்து பிசிஆர், ரத்தத்தில் அழற்சியின்போது கூடும் ஏஜிபி புரதம், இவற்றைப் பார்க்கலாம். முழு உறுதி வேண்டுமென்றால் திசுவை வெட்டி, மேக்ரோஃபேஜுக்குள் வைரஸ் இருப்பதை நிறமேற்றிப் பார்க்கும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிதான், துவண்டு கிடக்கும் பூனைக்கு அதற்காக அறுவை என்றால் நானே தயங்குவேன். அந்த இடத்தில் கரிசல் சொல்லும் மருந்துப் பரிசோதனையை ஏற்கிறேன். வயிறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது ஏற்க முடியாது.

கரிசல்காட்டான்:
நான் மாறவில்லை. 2019இல் கலிஃபோர்னியாவில் பெடர்சன் குழு 31 பூனைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்ததில் பெரும்பாலானவை பிழைத்தன. பழைய காலத்தில் தீர்ப்புக்கு அப்புறம் சாவுதான், அதனால் உறுதி முக்கியம். இப்போது தாமதம்தான் ஆபத்து. தண்ணீரை எடுங்கள், சரி, ஆனால் பிசிஆர் ரிசல்ட்டுக்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

மணிமேகலை:
காலையில் தண்ணீர் எடுக்கச் சொல்லப் போகிறேன். எந்த டியூபில்?

ஆய்வகவாசி:
உறையாமல் தடுக்கும் இடிடிஏ டியூபில் ஒன்று, செல்லுக்கும் பிசிஆருக்கும். மருந்து சேர்க்காத சுத்தமான டியூபில் இன்னொன்று, புரதத்துக்கும் பாக்டீரியா கல்ச்சருக்கும். ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள் அக்கா, ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், அது எஃப்.ஐ.பி. போலத் தெரியவில்லை.