பூங்குழலி பிடித்தவருக்கு அடுத்து எந்தப் புத்தகம்? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கிங்ஸ் சர்க்கிள்

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்த பிறகு வரும் வெறுமை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மும்பை மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டுக்கு நவராத்திரி கொலுவுக்குப் போயிருந்தேன். கூடத்தில் மூன்று சுவரும் புத்தகம். நான் பொம்மைகளை விட்டுவிட்டு அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்ததை மாமி கவனித்துவிட்டார். சரித்திரக் கதை பிடிக்குமா, சமூகக் கதை பிடிக்குமா என்றுதானே எல்லோரும் கேட்பார்கள்? மாமி கேட்டது வேறு. "கதையில வர்றவா யாரைக் கண்டா உனக்கு எழுந்து அவா பின்னாடியே போயிடணும்னு தோணும்?"

யோசிக்கவே இல்லை, பூங்குழலி என்றேன். வந்தியத்தேவனைச் சதுப்பு நிலத்தில் ஓடவிட்டு, அவன் புதைசேற்றில் இறங்கியதும் தானே இழுத்து வெளியே போடுகிறாளே, அந்தப் பூங்குழலி. ராத்திரியில் தனியாகக் கடலில் படகு விடுகிறவள்.

மாமி இன்னொரு சரித்திர நாவலைத்தான் எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தது தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள். "பூங்குழலிக்குப் படகு இருந்தது. இந்துவுக்கு அதுவும் கிடையாது. படிச்சுப் பாரு" என்றார். அதற்குள் அடுத்த கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது, மாமி தாம்பூலம் எடுக்கப் போய்விட்டார்.

படித்தவர்களுக்குத் தெரியும். காவிரிக்கரை வேத பாடசாலை, பவானியம்மாள், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் அப்பு. இந்து சின்ன வயதிலேயே கல்யாணமாகி, புருஷன் போய், அதே வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அவள் அப்புவிடம் வாய் திறந்து தன் ஆசையைச் சொல்லிவிடும் இடத்தை லோக்கல் ட்ரெயின் லேடீஸ் டப்பாவில் நின்றபடி படித்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மடியில் பையை விரித்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கியது. மனசு தாங்காவிட்டால் பூங்குழலி கடலுக்குள் போய்விடலாம். இந்து சொல்லி முடித்த பிறகும் அதே கூடத்தில், அதே அடுப்பங்கரையில்தான் நடமாடியாக வேண்டும். மாமி ஏன் படகைச் சொன்னார் என்று அந்த இடத்தில்தான் புரிந்தது.

அந்த பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்விட்டது. மாமி மகனோடு வேறு ஊர் போய்விட்டதாகக் கேள்வி. இந்துவுக்கு அடுத்து யார் என்று அவரிடம் கேட்காமலே போய்விட்டது, அதுதான் மனசை அரிக்கிறது. உங்களிடம் யாராவது இப்படிப் பிடித்த பாத்திரத்தைக் கேட்டுப் புத்தகம் கொடுத்ததுண்டா?

டோம்பிவிலிவாசி

உண்டு. எனக்கு ட்ரெயினில்.

நான் சுஜாதா பைத்தியம். ரத்திக் கடையில், அதாவது பழைய பேப்பர் கடையில், கிலோ கணக்கில் கிடந்த பழைய மாத நாவல்களில் கணேஷ்-வசந்த் தேடித் தேடிப் படித்து வளர்ந்தவன். எங்கள் ட்ரெயின் குரூப்பில் பாங்கில் வேலை பார்த்த ஒரு தமிழ் சார் இருந்தார். ஒருநாள், "உனக்கு கணேஷா, வசந்தா?" என்றார். எல்லோரும் வசந்த் என்பார்கள். நான் கணேஷ் என்றேன். ஏன் என்று விடாமல் கேட்டார். கணேஷ் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பான், அந்த இடைவெளியில் எதிராளி தானாகவே உண்மையைக் கொட்டிவிடுவான், அது எனக்குப் பிடிக்கும் என்றேன். "அப்போ நீ படிக்கவேண்டியது சுதா குப்தா" என்றார்.

அம்பை துப்பறியும் கதை எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு என்ற புத்தகம். சுதா குப்தா மும்பையில் தொழில் நடத்தும் பெண் துப்பறிவாளர். சர்வதேசச் சதி, கடத்தல் கும்பல் என்றெல்லாம் போகாது. வீடுகளுக்குள் நடப்பதுதான் வழக்கு. சுதா கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள், கணேஷ் மாதிரியேதான். ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை நான் லிஃப்ட்டில் தினமும் பார்க்கிறேன். அதே அந்தேரி பாலத்தில் நெரிசலில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்தபோது, முன் சீட்டில் போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது. அவர் மரோல் நாகாவில் இறங்கிப் போய்விட்டார். இன்னும் அந்தத் தோள் கண்ணிலேயே இருக்கிறது.

சுஜாதா ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: நைலான் கயிறு எடுத்துப் பாருங்கள், 1968. அதில் வசந்த் கிடையாது, கணேஷ் தனி ஆள். அந்த கணேஷைப் பிடித்தவர்களுக்கு சுதா குப்தாவைக் கட்டாயம் பிடிக்கும். வசந்தின் ஜோக்குக்காகப் படிப்பவர்கள் அதை அம்பையிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

செம்பூர்க்காரி

கிங்ஸ் சர்க்கிள், அந்த மாமி மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனாலும் இந்துவும் பூங்குழலியும் ஒன்றே இல்லை. பூங்குழலி அருள்மொழிவர்மனிடம் போய்க் கேட்டாளா? அலையிடம்தான் பாடினாள். கடைசியில் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொண்டாள். இந்து நேரே நின்று கேட்டவள். அடக்கிக்கொண்டவளைப் பிடித்த உங்களுக்கு அடக்கிக்கொள்ளாதவளைக் கொடுத்திருக்கிறார். நானாக இருந்தால் அதே ஜானகிராமனின் மோகமுள்ளைக் கொடுத்திருப்பேன். யமுனாவும் தனியாக நிற்பவள்தான், யாரும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட விடமாட்டாள்.

என் கதை சின்னது. கல்லூரியில் எனக்கு சார்லட் பிராண்டியின் ஜேன் ஐர் நாவல்தான் உயிர். ஒரு புரொஃபஸர் கேட்டார்: "மாடியில பூட்டி வச்சிருக்காங்களே ஒருத்தி, அவளைப் பத்தி ஒரு நாளாவது யோசிச்சியா?" யோசித்ததே இல்லை. ஜேன் காதலிக்கும் ரோசெஸ்டரின் முதல் மனைவி, ஜமைக்காவிலிருந்து வந்தவள், நாவல் முழுக்கச் சிரிப்பும் நெருப்புமாக மட்டும் வருகிறவள். ஜீன் ரிஸ் எழுதிய வைட் சர்காஸோ ஸீ என்ற நாவலைக் கையில் கொடுத்தார். அந்தப் பெண்ணின் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குகிறது. ஜேன் ஐர் வந்தது 1847இல், இது 1966இல். அவளுக்கென்று ஒரு வாய் கிடைக்க அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. படித்து முடித்த ராத்திரி, நான் அவ்வளவு நேசித்த ஜேன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். ஒருத்தியைப் பிடித்துவிட்டால் அவள் மாதிரியே இன்னொருத்தியைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். வீரமான பெண்ணைப் பிடித்ததா, இதோ இன்னும் பத்து வீரமான பெண்கள் என்று பட்டியல் கொடுக்கிறார்களே, அவை பெரும்பாலும் ஏமாற்றும். குணம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. நீங்கள் நேசிப்பவருக்கு எதிரில் நின்றது யார், கதையில் பேச விடப்படாதவர் யார் என்று பாருங்கள். அங்கேயிருந்து அடுத்த புத்தகத்தைப் பிடியுங்கள்.

தமிழிலேயே இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம், அதுவும் 1966தான், ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் காரில் ஏறிய பெண் வீட்டுக்கு வந்து அழுகிறாள். அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதே பெண்ணுக்கு அந்த அம்மா அப்படிச் சொல்லாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள். 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். அதன் நாயகி கங்காவைப் பிடித்துப்போய் 'இதுபோல் வேறு என்ன இருக்கிறது' என்று கேட்பவர்களிடம், முதலில் போய் அந்தச் சிறுகதையின் அம்மாவைப் படியுங்கள் என்பேன். ஒரு தாய் என்ன சொன்னாள் என்பதில் ஒரு வாழ்க்கையே திரும்பிவிடுகிறது. அப்புறம் அந்த நாவலின் தொடர்ச்சியான 'கங்கை எங்கே போகிறாள்' படியுங்கள். மூன்றையும் வரிசையாகப் படித்தால்தான் கங்கா முழுசாகக் கிடைப்பாள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

கிங்ஸ் சர்க்கிள்

செம்பூர்க்காரி, பூங்குழலி கேட்கவில்லை என்பது சரி. மாமி அதற்காகத்தான் இந்துவைக் கொடுத்தார் என்று நான் நினைக்கிறேன். பூங்குழலி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கல்கியில் கிடைக்காது, இந்துவிடம் கிடைக்கிறது. மோகமுள் வாங்கி வைத்திருக்கிறேன், யமுனாவைப் படித்துவிட்டு உங்களோடு மறுபடி சண்டைக்கு வருகிறேன்.

சயான் நெல்லைக்காரன்

எல்லாரும் பெண் பாத்திரமாச் சொல்றீங்க. நான் எங்க அப்பா கதையைச் சொல்றேன்.

அப்பா மீசை முளைக்கிற வயசுல பம்பாய் வந்தவர். சால்ல, அதாவது வரிசை வீட்ல, ஒத்தை ரூம், மேலே பலகை போட்ட மாலா, அதுலதான் அவர் படுக்கை, அவர் டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள்ள பொன்னியின் செல்வன் மட்டும்தான். வருஷா வருஷம் அதையே படிப்பார். மளிகைக் கடை அண்ணாச்சி ஒருநாள், "யாருக்காகவே திரும்பத் திரும்பப் படிக்கீரு?"ன்னு கேட்டிருக்கார். வந்தியத்தேவன்னு அப்பா சொல்லியிருக்கார். அண்ணாச்சி கல்லாவுக்கு அடியில இருந்து நாஞ்சில் நாடனோட எட்டுத் திக்கும் மதயானை எடுத்துக் குடுத்தார். நாஞ்சில் நாடனும் பம்பாய்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர்தானே, அண்ணாச்சிக்கு அதுல ஒரு பெருமை.

பூதலிங்கம்னு ஒரு பையன். அடிபட்டு, அவமானப்பட்டு, ஒரு ராத்திரி வைக்கோற்படப்புக்குத் தீ வச்சிட்டு ஊரை விட்டு ஓடுறான். ஊர் ஊரா அலைஞ்சு பம்பாய் வந்து சேர்றான். அப்பா மாலாவுல உட்கார்ந்து படிச்சிட்டிருந்தவர் தீ வைக்கிற இடத்துல நிறுத்திட்டார். கீழே என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே, வந்தியத்தேவனுக்கு ஆதித்த கரிகாலன் ஓலை குடுத்து அனுப்பினான். இவனுக்கு ஓலை குடுத்தது யாரு?"

யாரும் இல்லப்பான்னேன்.

"அப்போ என்னை மாதிரி"ன்னார்.

அப்பா ஏன் ஊரை விட்டுக் கிளம்பினார்னு அதுவரைக்கும் எங்க வீட்ல யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும்தான். அன்னிக்குக் கொஞ்சம் சொன்னார். ஒரு கிணத்தடி, ஒரு சண்டை, ஒரு பெரிய வீட்டுக்காரர். அதுக்குள்ள குழாய்ல தண்ணி வந்துட்டுதுன்னு அம்மா கூப்பிட்டா, இறங்கிப் போயிட்டார். மிச்சத்தை இன்னும் சொல்லல. புத்தகம் முடிச்சுட்டார், கேட்டா நல்லா இருக்குங்கார். அவ்வளவுதான்.

செம்பூர் மேடம் சொல்ற மாதிரி எதிர்ல நின்னவனைத் தேடியிருந்தா எங்க அப்பாவுக்கு நந்தினி மாதிரி யாரையாவதுதான் குடுத்திருக்கணும். அப்படிக் குடுத்திருந்தா அவர் வாயே திறந்திருக்க மாட்டார். அண்ணாச்சிக்கு ஆள் தெரிஞ்சிருந்தது, அதான் சரியாக் குடுத்தார்.

வாஷி அப்பா

என் பையனுக்கு ஹோம்ஸைவிட வாட்சனைத்தான் பிடிக்கும். "வாட்சன் இல்லன்னா ஹோம்ஸ் யாருக்குப்பா தெரியும்?" என்பான். வீட்டுக்கு வந்த என் வங்காளி நண்பர் அதைக் கேட்டதும், "அப்ப இவனுக்கு தொப்ஷே வேணும்" என்றார். சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகள். 1965இல் தொடங்கியவை. கதை சொல்வது ஃபெலுடாவின் தம்பி முறைப் பையன் தொப்ஷே. நாங்கள் எல்லோரும் துப்பறிவாளனைப் பார்த்துப் புத்தகம் தேடுவோம், அவர் கதை சொல்கிறவனைப் பார்த்துக் கொடுத்தார். இப்போது பையன் எங்கள் சொசைட்டியில் காணாமல் போகிற செருப்பையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறான். அவன் எழுதும்போது முகம் இருக்கும் பாருங்கள், அந்தத் தீவிரத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

தாணே

என்னிடம் ஒருவர் கேட்ட கதை இது. எங்கள் பில்டிங்கில் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர், வேலூர்ப் பக்கம். "தம்பி, படிக்க ஏதாச்சும் குடு, பொழுது போகல" என்றார். யாரையாவது கதையில் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஜாவர் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழை படும் பாடு. விக்டர் ஹ்யூகோவின் நாவலை சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தது, 1950இல் படமாகவும் வந்தது. அதில் அந்த இன்ஸ்பெக்டராக நடித்ததால்தான் ஜாவர் சீதாராமனுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. ஒரு ரொட்டித் திருட்டில் தொடங்கியவனை ஆயுள் முழுக்கத் துரத்துகிறவன். அவனை எல்லோரும் திட்டித்தான் கேட்டிருக்கிறேன். இவர் சொன்னார்: "அவன் வேலைய அவன் செஞ்சான் தம்பி. கடைசியில அவனுக்கு யாருமே இல்ல."

இன்னொரு கண்டிப்பான அதிகாரியைத் தேடிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் கொடுத்தேன், எம். ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு. அதில் போர்ஃபிரி என்ற விசாரணை அதிகாரி வருகிறான். கொன்றது ரஸ்கோல்னிகோவ் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. முகத்துக்கு நேரே சொல்லியும் விடுகிறான். ஆனால் உடனே பிடிப்பதில்லை, நீயாக வந்து ஒப்புக்கொள் என்று அவகாசம் கொடுக்கிறான்.

பெரியவர் நிதானமாகத்தான் படித்தார், நடுவில் ஒன்றும் பேசவில்லை. திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க சார் என்றேன், வரவில்லை. "புடிக்காம காத்திருக்கான் பாரு தம்பி. நான் அப்படி ஒருத்தனுக்கும் காத்திருந்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு, அதே மாதிரி இன்னொரு புத்தகம் இருந்தால் கொடு என்று கேட்டார்.

என்ன கொடுப்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். போலீஸ் கதையாக இருக்க வேண்டியதில்லை. காத்திருக்கத் தெரிந்த ஒரு ஆள் அதில் வரவேண்டும். எழுத்து பெரிதாக அச்சிட்ட பதிப்பாக இருந்தால் நல்லது, அவருக்குக் கண் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

செம்பூர்க்காரி

தாணே, அசடன் கொடுங்கள். அதுவும் தஸ்தயேவ்ஸ்கிதான், சுசீலா அம்மாவின் மொழிபெயர்ப்புதான். இளவரசன் மிஷ்கின் யாரையும் விசாரிப்பதில்லை, தன் மேல் கத்தி ஓங்கியவனைக்கூட வெறுப்பதில்லை. எதிர்ப்பக்கத்து ஆளைத் தேடு என்று மேலே சொன்னேனே, உங்கள் பெரியவருக்கு அந்த யோசனை வேண்டாம், அவர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறார். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, நல்ல கனம், மடியில் தலையணை வைத்துத்தான் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் வந்தால் தருகிறேன். அவர் படித்து என்ன சொன்னார் என்று மட்டும் இங்கே வந்து எழுதுங்கள்.