தோழர் என்பதால் சொல்லாமல் விட்டவை

என்னோடு வாழ்ந்த தோழர் என்னை அடிப்பதை முதன்முதலாக வெளியே சொன்னபோது, அமைப்பின் மூத்தவர் ஒருவர் கேட்டது, "இது தெரிந்தால் எதிரிகளுக்கு எவ்வளவு வசதியாகிவிடும், யோசித்தாயா அம்மா?" என்பதுதான். யோசித்தேன்; அதனாலேயே இரண்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்வலங்களில் தடியடி நடத்தியவர்களிடம் எங்களில் ஒருவரை ஒப்படைப்பது துரோகம் என்று நானே புதியவர்களுக்கு வகுப்பெடுத்திருந்ததால், காவல் நிலையத்தின் வாசலையும் மிதிக்க முடியவில்லை.

செயற்பாட்டாளர்களுக்குள் நடக்கும் இணையர் வன்முறையைப் பற்றி அமெரிக்காவில் 2008இல் ஒரு கூட்டுச் சிற்றிதழ் வெளிவந்து, 2011இல் நூலாகவும் ஆனது. அதன் நகல் கைக்கு வந்த பிறகுதான், நாங்கள் ஒன்பது பேர் எங்களுக்கென்று ஒன்றைத் தொகுக்கத் துணிந்தோம். மாற்றுப்பெயர் போட்டால் போதும் என்று எண்ணியிருந்தோம். ஆனால் சிறிய வட்டத்தில், ஒருவர் மேடையில் வழக்கமாகச் சொல்லும் ஓர் உவமையே அவரையும், அவர் வழியாக எழுதியவரையும் அடையாளம் காட்டிவிடும். அனுப்பப்பட்ட கோப்புகளின் பண்புகளில் எழுதியவரின் உண்மைப் பெயர் பதிந்திருந்ததை அச்சுக்கு முந்தைய நாள் இரவில்தான் கண்டோம். (இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.) ஒருவர் மட்டும், போராட்டத்தின் பெயரை நீக்கினால் அது தன் கதையே அல்ல என்று சொல்லித் தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாங்கள் செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

* * *

மேலே எழுதிய தோழருக்கு வணக்கம். நான் மறுபக்கத்தில் இருந்தவன், இதேபோல் தன் இணையரை அடித்த இன்னொரு தோழரின் நண்பன். அவரைப் பொறுப்பேற்கச் செய்வதற்காக அமைந்த மூவர் குழுவில் இருந்தேன். "கோபத்தில் கைநீட்டிவிட்டேன்" என்றார், நம்பினோம். பிறகுதான் ஒரு தோழி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் 1984இல், அடிபட்ட பெண்கள் சொன்னவற்றைக் கொண்டு வரைந்த சக்கரப் படத்தை எங்கள் முன் விரித்தார். அதன் நடுவில் கோபம் இல்லை. அதிகாரமும் கட்டுப்பாடும் இருந்தன. பணத்தைப் பிடித்து வைத்தல், நட்புகளிலிருந்து பிரித்தல், மிரட்டல் என்று அதன் ஆரங்களைப் படிக்கும்போது, எத்தனையோ காரசாரமான விவாதங்களில் அவர் எங்கள் யாரிடமும் ஒருமுறைகூடக் கைநீட்டியதில்லை என்பது உறைத்தது.

அவருக்கு எங்கள் சொற்கள் எல்லாம் தெரியும். ஆணாதிக்கத்தைப் பற்றி அவர் செய்த சுயவிமரிசனம் அவ்வளவு செறிவாக இருந்ததால், வெட்கத்தோடு சொல்கிறேன், நாங்கள் கைதட்டினோம். பாதிக்கப்பட்டவர் கேட்டிருந்ததோ மூன்றே விஷயங்கள்: தான் வரும் கூட்டங்களுக்கு அவர் வரக்கூடாது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், நடந்ததை மறுத்துப் பேசக்கூடாது. அந்த முதல் கோரிக்கையையே நாங்கள் ஏழாவது மாதத்தில்தான் அவரிடம் எடுத்துச் சொன்னோம். அதற்குள் அந்தப் பெண் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.