ரிலீஸ் அன்றே ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே கதைக்குள் ஆடும் வீடியோ கேம்) வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

இரவுப்பூனை:
பேர் வேண்டாம், பெரிய ஆட்டம்தான். மூன்றாவது நகரத்துக்குப் போகப் படகோட்டியிடம் பேச வேண்டும். அதற்கு முன்பே அவன் தம்பியைச் சந்தையில் தீர்த்துக்கட்டியிருந்தேன். ஆட்டமே அனுமதித்த கொலைதான். படகோட்டி வாயைத் திறக்கிறான், மூடுகிறான், சத்தமே இல்லை. கீழே தேர்ந்தெடுக்க ஒரு வரியும் வரவில்லை. ஆட்டோசேவ், ஆட்டம் தானாகச் சேமிப்பது, சரியாக அந்த இடத்தில் விழுந்து தொலைத்திருக்கிறது. ஒருத்தர்கூடவா இதைச் சோதிக்கவில்லை?

பழைய டெஸ்டர்:
சோதித்திருப்பார்கள். பெங்களூரில் நான் பார்த்த வேலையே அதுதான். கிராமத் தலைவரிடம் பேசாமல் பரிசுப் பெட்டியைத் திறந்தால் அவர் கூரை மேல் போய் நின்றுகொள்வார், கதை நகராது. வீடியோவோடு பக் (பிழை) என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் ‘சரிசெய்யப் போவதில்லை’ என்று மூடிவிட்டார்கள். காரணம்: அரிதான பாதை. வெளியான அன்று யூடியூப் முழுக்கக் கூரைத் தலைவர்தான்!

ஆர்பிஜியில் பத்து இடத்தில் ஆம்-இல்லை கேட்டாலே கதை 1,024 விதமாகப் பிரியும். அத்தனையும் ஆடிப் பார்க்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தேதியை முதலீட்டாளர்களிடம் எப்போதோ சொல்லியாகிவிட்டது.

மதுரை மேஜ்:
சம்பளமாவது ஒன்றாவது, பேராசை. சைபர்பங்க் 2077 மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 வந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். எனக்கு வாய்த்தது வேறொரு ஆட்டம். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், “பெட்டியைப் பிரிச்சாச்சே தம்பி” என்றார்.

அரைக்கவசம்:
மேஜ், ட்ராய்க்கா என்ற ஆட்டக் கம்பெனிக்கு என்ன பேராசை? அவர்களுடைய பிளட்லைன்ஸ் ஆர்பிஜி 2004 நவம்பர் 16 வெளியானது. அதே நாளில் ஹாஃப்-லைஃப் 2 என்ற பெரிய ஆட்டம், அதே சோர்ஸ் இன்ஜினில் (ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள்)! 2005 பிப்ரவரியில் கம்பெனியே இல்லை. பல வருடமாக ரசிகர்கள்தான் பேட்ச் (பிழை திருத்தம்) போடுகிறார்கள். ஃபால்அவுட் நியூ வெகாஸை எடுங்கள், சுமார் 18 மாதத்தில் செய்தது. விமர்சகர்களின் மார்க்கைச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. ஆட்டத்தைச் செய்த ஆப்சிடியன் கம்பெனியின் கிறிஸ் அவெலோனே 2012-இல் சொன்னார். பக் இருக்கிறது என்று விமர்சகர் மார்க்கைக் குறைத்தால் போனஸ் போவது செய்தவனுக்கு, தேதி குறித்தவனுக்கு அல்ல.

சேவ் மாமா:
எனக்கு ஒரு குதிரை பாலத்துக்குள் புதைந்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் கேளுங்கள். ஆட்டோசேவை நம்பாதீர்கள். ஒவ்வொரு ஊருக்குள் நுழையும் முன்பும் தனி சேவ், ஒன்றின் மேல் ஒன்று எழுதக் கூடாது. முக்கியமான ஆளைக் கொல்வதற்கு முன் இன்னொன்று. முன்பதிவு வேண்டவே வேண்டாம். விமர்சனம் எந்தக் கருவியில் ஆடி எழுதியது என்று பாருங்கள், பிசியில் ஓடுவது பழைய கன்சோலில் ஓடாது. ஆறு மாதம் பொறுங்கள். பேட்சும் வரும், விலையும் இறங்கும். அப்புறம் மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள்) போடுவதாக இருந்தால் முதலில் ஒரு முறை மோட் இல்லாமல் முடித்துவிடுங்கள்.

இரவுப்பூனை:
மாமா, இதெல்லாம் யார் கேட்டது?

பழைய டெஸ்டர்:
ஆறு மாதம் பொறுப்பது உங்களுக்கு லாபம்தான், மாமா. எங்கள் டீமைக் கலைத்தது முதல் மாத விற்பனையைப் பார்த்துத்தான்.