வளைவில் அலறும் எஞ்சின்: புதிய புரொப்பெல்லர் தேவையா?

சாம்பல்தீவுப் படகுக்காரர்:
என்னிடம் 18 அடி பைபர் படகும் 25 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சினும் உள்ளன. எஞ்சின் பூட்டும் பின்பலகை உக்கிப்போனதால் அதை ஓடாவியாரை (படகுத் தச்சரை) கொண்டு மாற்றிய நாளிலிருந்து, புறாமலைப் பக்கம் படகைச் சற்று வேகமாகத் திருப்பினாலே எஞ்சின் அலறுகிறது, படகு தளர்ந்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் மீண்டும் பிடிக்கிறது. திருத்துபவர் இது கவிட்டேஷன் என்று சொல்லி, புரொப்பெல்லரை மாற்றச் சொல்கிறார். அதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கொட்டியாரக்குடா மூத்தவர்:
தம்பி, கவிட்டேஷன் என்பது புரொப்பெல்லர் இதழ்களின்மேல் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழாவது. நீங்கள் சொல்வது, மேற்பரப்புக் காற்றோ எஞ்சின் புகையோ இதழ்களுக்குள் இழுபடுவது. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகடு இந்தக் காற்றைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதைக் கவிட்டேஷன் தகடு என்று அழைத்து அழைத்தே இரண்டும் குழம்பிவிட்டன. பலகை மாற்றிய பிறகு வந்த கோளாறு என்பதால் எஞ்சின் நிற்கும் உயரத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். படகைக் கட்டைகள்மேல் ஏற்றி, எஞ்சினை ஓடும் நிலையில் இறக்கி, நேரான சட்டம் ஒன்றை ஏராவை (அடிநடுவில் நீளவாக்கில் ஓடும் கட்டையை) ஒட்டி அடிப்பாகத்தில் பிடித்துப் பின்னே நீட்டுங்கள். தகடு அதற்கு நேராகவோ, ஓர் அங்குலத்துக்குள் மேலாகவோ நிற்க வேண்டும். நீளத் தண்டு எஞ்சினுக்குப் பின்பலகையின் உயரம் ஏறத்தாழ 20 அங்குலம், குட்டைத் தண்டுக்கு 15.

கிண்ணியா எஞ்சின் திருத்துநர்:
அளப்பதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கினாலும் எஞ்சின் இப்படித்தான் அலறும். உட்குழலிலிருந்து வெளிக்குடம் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடிப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் புஷ் போய்விட்டது. மணலில் இழுக்கும் படகுகளில் ஏராவுக்கு அடியில் அறையும் தேய்மானக் கட்டை பின்பக்கம் மொட்டையாக முடிந்தால், அதன் பின்னால் நுரை எழுந்து நேரே புரொப்பெல்லருக்குள் போகும். நுனியைச் சரிவாகச் சீவிவிடுங்கள்.

சாம்பல்தீவுப் படகுக்காரர்:
கோடு முறியவில்லை. தகடுதான் இரண்டரை அங்குலம் மேலே நின்றது. ஓடாவியார் பழைய பலகையின் உக்கிய விளிம்பை அளவெடுக்காமல், கண்மட்டத்தில் உயர்த்திவிட்டார். மேல்விளிம்பில் இரண்டு அங்குலம் அறுத்து, அறுத்த முகத்துக்கு ரெசின் பூசி, எஞ்சினை இறக்கிப் பூட்டினேன். நேற்று அதே வளைவில் முழு வேகத்தில் திருப்பியும் பிடி விடவில்லை. ஐஸ் பெட்டியை அணியத்தில் வைத்து ஓடும்போது மட்டும் அலையில் ஒருமுறை அலறியது.

கொட்டியாரக்குடா மூத்தவர்:
முன்பாரத்தால் பின்பக்கம் எழும்புகிறது. பெட்டியை நடுவுக்கு நகர்த்துங்கள். எஞ்சினின் சாய்வை நிறுத்தும் ஊசி வெளித்துளையில் இருந்தால் ஒரு துளை உள்ளே போடுங்கள்.