செல்ஃப் போட்டா 'டக்'குன்னு சத்தம் மட்டும்தான் வருது, 40 எச்பி அவுட்போர்டு, பேட்டரி புதுசு – உதவி வேணும்

ஃபைபர்போட்_தூத்துக்குடி:
அண்ணன்மாரே ஒரு உதவி. நம்மகிட்ட இருக்கது 40 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற இன்ஜின்), செல்ஃப் ஸ்டார்ட்டும் உண்டு, கயிறும் உண்டு, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. கொஞ்ச நாளா சாவியத் திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வருது, சில நேரம் டகடகடகன்னு அடிக்கும், செல்ஃப் மோட்டார் சுத்த மாட்டேங்குது. காலைல கரையில இருந்து கெளம்பும்போது பெரும்பாலும் எடுத்துரும், வான் தீவத் தாண்டி வலைய விட்டுட்டு இன்ஜின ஆஃப் பண்ணி திரும்பப் போட்டா அவ்ளோதான், கயிறு இழுத்துத்தான் வீடு வந்து சேருறேன். கயித்துல இழுத்தா சட்டுன்னு எடுக்குது, அதனால இன்ஜின்ல கோளாறு இல்லன்னு நெனைக்கேன். பேட்டரி போன மாசம்தான் மாத்துனது, மீட்டர் வச்சா 12.6 வோல்ட் காட்டுது. காட்டுன எடத்துல செல்ஃப் மோட்டார் போயிருச்சு புதுசு போடுங்கன்னுட்டாங்க, விலையக் கேட்டா தலை சுத்துது. அதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்?

நெத்திலி:
கியர் நியூட்ரல்ல இருக்கா? இன்ஜின நிறுத்துற சிவப்புக் கயிறு கிளிப்பு மாட்டியிருக்கா?

ஃபைபர்போட்_தூத்துக்குடி:
ரெண்டும் சரியாத்தான் இருக்குண்ணே. லிவர முன்ன பின்ன ஆட்டிப் போட்டுப் பாத்தாச்சு.

ஆர்மேச்சர்_அண்ணாச்சி:
தம்பி, டக்குன்னு சத்தம் வருதுன்னா பாதி வேல முடிஞ்சுது. அது ரிலே, அதாவது செல்ஃபுக்கு கரண்ட விடுற சுவிட்ச், இழுக்குற சத்தம். சாவி, ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச், ரிலே காயில் எல்லாத்துலயும் கரண்ட் போகுதுன்னு அர்த்தம், நியூட்ரல் சுவிட்ச் போயிருந்தா சத்தமே வராது. சிவப்பு கிளிப்பு நெறைய இன்ஜின்ல பிளக்குக்குப் போற நெருப்ப மட்டும்தான் நிறுத்தும், செல்ஃப நிறுத்தாது. இனி பாக்க வேண்டியது தடிமனான ஒயர் போற வழி மட்டும்தான், அதாவது பேட்டரி, ரெண்டு கேபிள், ரிலேயோட உள் காண்டாக்ட், செல்ஃப் மோட்டார்.

12.6 காட்டுதுன்னு சொல்றீக, சும்மா இருக்கும்போது எடுத்த அளவு இதுக்கு உதவாது. ஒருத்தர் சாவியத் திருப்பிப் பிடிக்கணும், அந்த நேரத்துல இன்னொருத்தர் மீட்டர வச்சுப் பாக்கணும். மீட்டர் முள்ள கிளாம்ப் மேல வைக்காதீக, பேட்டரியோட ஈய முனை மேலயே வையுங்க. நல்ல பேட்டரி, நல்ல செல்ஃபுன்னா சுத்தும்போது 10, 11க்கு எறங்கும். 9.6க்குக் கீழ போனா பேட்டரிக்கு சக்தி இல்ல, இல்லன்னா மோட்டாரோ இன்ஜினோ எறுகிக் கெடக்கு. எறங்கவே இல்லன்னா அது தனி கத, பாத்துட்டுச் சொல்லுங்க.

கடல்பித்தன்:
இவ்ளோ எதுக்குண்ணே, ரிலேயில இருக்க ரெண்டு பெரிய போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவர வச்சு ஷார்ட் பண்ணுங்க, சுத்துனா ரிலே போச்சு, சுத்தலன்னா மோட்டார் போச்சு, முடிஞ்சுது வேல.

ஆர்மேச்சர்_அண்ணாச்சி:
பண்ணலாம், ஆனா அதுல நெருப்பு தெறிக்கும், பக்கத்துல பெட்ரோல் டேங்க் இருக்கும். டேங்க எடுத்து கரையில வச்சிட்டு, மேல் மூடியக் கழட்டி நல்லா காத்து போக விட்டு, சிவப்பு கிளிப்ப எடுத்துட்டுப் பண்ணுங்க. ஷார்ட் பண்ணும்போது நியூட்ரல் சுவிட்ச் வேலை செய்யாது, கியர்ல இருந்தா விசிறி சுத்தும், பின்னால யாரும் நிக்கக் கூடாது. அப்புறம் சுத்தலன்னா மோட்டார் போச்சுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ரிலேயத் தாண்டி மோட்டார் மட்டுமா இருக்கு?

ஃபைபர்போட்_தூத்துக்குடி:
மச்சானக் கூட வச்சுப் பாத்தேன். சாவியத் திருப்பிப் பிடிச்சா பேட்டரியில 12.4, எறங்கவே இல்ல. டேங்க எறக்கி வச்சிட்டு ஸ்க்ரூ டிரைவரும் வச்சேன், சின்னதா ஒரு பொறி, மோட்டார் அசையல. அப்ப மோட்டார்தானா?

ஆர்மேச்சர்_அண்ணாச்சி:
பொறுங்க. பேட்டரி எறங்கலன்னா அதுலருந்து கரண்டே வெளிய போகலன்னு அர்த்தம். குழாய் அடைச்சிருந்தா எவ்ளோ தெறந்து விட்டாலும் டேங்க்ல தண்ணி கொறையாதுல்ல, அது மாதிரி. ஷார்ட் பண்ணும்போதும் பெரிய பொறி வரல. மோட்டார் எறுகியிருந்தா பொறி பலமா வரும், பேட்டரியும் பொத்துனு எறங்கும். அதனால ஒண்ணு மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு தொடாம நிக்கணும், இல்ல கேபிள்ல எங்கயோ அடைப்பு.

எல்லாரும் சிவப்பு ஒயரத்தான் தடவிப் பாப்பாங்க, கருப்ப ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. மீட்டரோட ஒரு முள்ள பேட்டரி மைனஸ் ஈயத்துல வையுங்க, இன்னொரு முள்ள இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்ல வையுங்க, சாவியத் திருப்புங்க. 0.5க்குள்ள இருக்கணும். அதே மாதிரி பேட்டரி பிளஸ்லருந்து மோட்டார் மேல இருக்க போல்ட்டுக்கும் ஒரு தடவை பாருங்க.

ஃபைபர்போட்_தூத்துக்குடி:
அண்ணாச்சி, பிளஸ் பக்கம் ரிலே பிடிச்சு நிக்குற நேரத்துல ஒண்ணுமே இல்ல, 0.2 கூட வரல. மைனஸ் பக்கம் மீட்டர் நிக்காம ஆடுது, 8ங்குது, 10க்கு மேல போகுது, திரும்ப எறங்குது. ஆனா எர்த் போல்ட்டக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு நல்லா முறுக்கியிருக்கேன், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கே?

ஆர்மேச்சர்_அண்ணாச்சி:
ரிலே விட்டு விட்டு அடிக்குறதால ஆடுது, அந்த டகடகடகவும் அதுதான். ரிலேயும் அதே எர்த்துலதான் நிக்குது, மோட்டார் இழுக்க ஆரம்பிச்ச உடனே அதுக்கும் வோல்ட் பத்தாம விட்டுருது. கார் ஜம்பர் கேபிள் ஒண்ணு கெடைச்சா மைனஸ்லருந்து நேரா பிளாக்குக்குக் குடுங்க. பேட்டரி பக்கம் மொதல்ல மாட்டுங்க, பிளாக் பக்கம் கடைசியா.

ஃபைபர்போட்_தூத்துக்குடி:
அண்ணாச்சி!! சர்ருன்னு சுத்துது!! புது செல்ஃப் வாங்கியிருந்தா அதுவும் டக்குன்னுதான் சொல்லியிருக்கும்.

கருப்பு கேபிள முழுசா உருவி எடுத்துட்டேன். ரெண்டு பக்க லக்கும் (போல்ட்ல மாட்டுற முனை வளையம்) நல்லாத்தான் இருந்துச்சு, இன்ஜின் பக்கம் ரப்பர் மட்டும் லேசா உப்பிப் போயிருந்துச்சு. லக்குலருந்து ரெண்டு விரக்கட தள்ளி பிளேடு வச்சுக் கீறுனா உள்ள செம்பே இல்ல, கருப்பு மாவா கொட்டுது, நடுவுல நாலஞ்சு நரம்பு மட்டும் பச்சை பிடிச்சு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த நரம்புலதான் காலைல எடுத்திருக்கு போல.

குருநகர்_கடலோடி:
தம்பி, எங்கட யாழ்ப்பாணக் கரையிலயும் இதே பிரச்சினைதான் அடிக்கடி வாறது. லக்குக்கும் ரப்பருக்கும் நடுவில உள்ள இடைவெளியால உப்புத் தண்ணி உள்ள போய், செம்பு நரம்புகளுக்குள்ளால மேல ஏறும். வீட்டு வயர் வாங்கிப் போடாதேங்கோ, வெள்ளீயம் பூசின நரம்பு உள்ள மரைன் கேபிள் வாங்குங்கோ, பழைய கேபிளின்ர தடிப்புக்குக் குறையக் கூடாது. லக்கை சுத்தியலால அடிச்சு நசுக்காம கிரிம்ப் பண்ணுற ஆயுதத்தால அமத்தி, உள்ளுக்குப் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில சுருங்கிற குழாய்) போட்டுச் சூடு காட்டுங்கோ, பசை விளிம்பால பிதுங்கி வரவேணும். கழட்டேக்க மைனஸை முதல் கழட்டுங்கோ, பூட்டேக்க மைனஸைக் கடைசியாப் பூட்டுங்கோ. இன்னொண்டு, எஞ்சின் ஓடேக்க பேட்டரி வயரைக் கழட்டிப் பாக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, பேட்டரிக்குச் சார்ஜ் குடுக்கிற ரெக்டிஃபையர் எரிஞ்சு போகும்.

ஃபைபர்போட்_தூத்துக்குடி:
நன்றிண்ணே. பேட்டரிய அணியத்துப் பக்கம், அதான் படகோட முன்பக்கம், மாத்தலாம்னு ஒரு யோசனை இருக்கு, பின்னால வெயிட் கூடுதலாத் தெரியுது. புது கேபிள நீளமா வாங்கிரவா?

ஆர்மேச்சர்_அண்ணாச்சி:
வேணாம்னுதான் சொல்லுவேன். நீளம் கூடுனா தடிமனும் கூட்டணும், ரெண்டு கேபிளுக்கும் சேத்து காசு எகிறும். பேட்டரி பின்னாலயே இருக்கட்டும், டேங்க முன்ன தள்ளுங்க. பேட்டரி டெர்மினல்ல காது வச்ச கைத்திருகு நட்டு இருந்தா அதையும் எடுத்துட்டு ஸ்பேனர் போட்டு முறுக்குற நட்டு போடுங்க, அலை அடிக்குற அடியில கைத்திருகு தளர்ந்துரும்.

நெத்திலி:
அண்ணாச்சி இதுலயே என் சந்தேகத்தையும் கேட்டுக்கிடுறேன், எனக்கு நேர் மாறா, மோட்டார் விர்ர்ருனு சுத்துது ஆனா பல்லு மேல ஏறி ஃபிளைவீல்ல மாட்ட மாட்டேங்குது, ஒரு நேரம் மாட்டும், ஒரு நேரம் மாட்டாது. நெறைய கிரீஸ் வச்சும் பாத்துட்டேன்.

ஆர்மேச்சர்_அண்ணாச்சி:
அந்தக் கிரீஸ்தான் வினை. பினியன், அதான் அந்தப் பல்லுச் சக்கரம், திருகு மறையில வேகமா வழுக்கி மேல போகணும், கெட்டி கிரீஸ் வச்சா மணல், துரு எல்லாம் அதுல ஒட்டிப் பிடிச்சுக்கிடும். பேட்டரி மைனஸக் கழட்டிட்டு, டீசல் தொட்ட பிரஷ்ஷால மறைய நல்லா தேச்சுக் கழுவுங்க, மோட்டாருக்குள்ள எறங்க விடாதீக. காஞ்ச பெறவு தையல் மிஷின் ஆயில் மாதிரி லேசானது ஒரு சொட்டு போதும். கையால சுத்தி மேல தள்ளுனா ஏறணும், விட்டா ஸ்பிரிங்ல தானா எறங்கணும். அப்பவும் மாட்டலன்னா பல்லு முனை மழுங்கியிருக்கான்னு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. செல்ஃப பத்து செகண்டுக்கு மேல பிடிக்காதீக, சூடேறி உள்ள காயில் கருகிரும்.

நெத்திலி:
சரி அண்ணாச்சி, நாளைக்கு கடலுக்குப் போகல, கழுவிட்டுப் போட்டோ போடுறேன்.